காரம் தொட்ட கூந்தலும் அதன் காப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, இல்லையா என்று பாண்டியன் அவையில் எழுந்த வழக்கை நாம் எல்லாரும் அறிவோம். இறைவனே எதிர்நின்றபோதும் நக்கீரர் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழக்கு கூந்தலின் மணத்தைப் பற்றியது. நான் இங்கே எடுத்துக்கொண்டதோ கூந்தலின் வடிவத்தைப் பற்றியது. சுருண்ட முடியை இரசாயனப் பொருள் கொண்டு நீட்டும்போது அதனுள்ளே என்ன நிகழ்கிறது? ஒருமுறை நீட்டியபின், அடுத்த முறை வரும்வரை அந்தக் கூந்தலை எவ்வாறு காப்பது? இவையே இக்கட்டுரையில் நான் ஆராயப் புகும் வினாக்கள்.

அழகுக் குறிப்புத்தானே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. நாம் ஆய்வகத்தில் பியூரெட்டில் நிரப்பும் அதே காரம், ஒரு பெண்ணின் தலைமேல் நின்று வேலை செய்யும் இடம் இது.

முடியின் அமைப்பு

முடிக்கு உயிர் உண்டா? தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு உயிர் உண்டு. தோலுக்கு வெளியே நாம் காணும் இழைக்கு உயிர் இல்லை. கையில் கீறல் பட்டால் சில நாளில் தோல் கூடிவிடும். முடியில் பட்ட சேதம் ஒருபோதும் கூடாது. வெட்டி எறியும்வரை அது அப்படியே இருக்கும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் காப்பு முறைகள் எல்லாம் தாமே விளங்கும்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே 36 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி, மூன்று ஆண்டுகளுக்கு முன் வேரிலிருந்து புறப்பட்டது. மூன்று ஆண்டு வெயில், சீப்பு, சோப்பு அனைத்தையும் தாங்கிய முதிய பகுதி நுனி. நேற்றுப் பிறந்த இளைய பகுதி வேர்ப்பக்கம்.

இழையின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரை போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நுனியை நோக்கிச் சரிந்திருக்கும். அவற்றின்மேல் நீரை ஒட்டவிடாத ஒரு கொழுப்புப் படலம் உண்டு. உட்புறம் முழுவதும் கெரட்டின் என்னும் புரத நார்கள். இந்த நார்களை மூன்று வகைப் பிணைப்புகள் இணைத்து வைத்திருக்கின்றன. முதலாவது ஹைடிரஜன் பிணைப்பு. இது நீர் பட்டாலே விடும், உலர்ந்தால் மீண்டும் கூடும். இரண்டாவது உப்புப் பிணைப்பு. அமிலமோ காரமோ மிகுந்தால் தளரும். மூன்றாவது இரு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் இரட்டைக் கந்தகப் பிணைப்பு. ஏணியின் இரு கால்களை இணைக்கும் படிகள் போல இது நார்களை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முடியின் வலிமைக்கும் சுருளுக்கும் நிலையான காரணம் இதுவே. முடியை நிலையாக நீட்ட விரும்புவோர் இந்தப் படிகளில்தான் கை வைக்க வேண்டும்.

இம்முறை பிறந்த வரலாறு

காரம் கொண்டு முடியை நீட்டும் வழக்கம் வளர்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் சமுதாயம். இறுகச் சுருண்ட முடி ஒழுங்கற்றது என்று பிறர் கருதிய நாட்டில், வேலை தேடிச் செல்பவருக்கு முடியை நீட்டுவது அலங்காரம் மட்டும் அன்று. பல வேளைகளில் பிழைப்புக்கான வழியாகவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் நெருப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நீட்டினர். அதன் பயன் அடுத்த முழுக்கு வரையில்தான். ஹைடிரஜன் பிணைப்பு நீர் பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் அன்றோ?

ஆண்கள் எரிசோடாவை நாடினர். மால்கம் எக்ஸ் 1965-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், எரிசோடா, முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வீட்டிலேயே கலந்து தலையில் பூசிக்கொண்டதையும், தலை தீயாய் எரிந்ததையும் விவரித்திருக்கிறார். பிறர் மதிக்க வேண்டும் என்பதற்காகத் தம் உடலையே எரித்துக்கொண்ட செயல் என்று பின்னாளில் அவர் அதனை எண்ணி வருந்தினார். 1954-இல் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் சிகாகோ நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, முதலில் ஆண்களுக்கும் பின்னர்ப் பெண்களுக்கும் இத்தகைய களிம்புகளைச் செய்து விற்றார். வீட்டுக் கலவை கடைச் சரக்காயிற்று. 1960-களில் இயற்கை முடியே அழகு என்னும் எழுச்சி தோன்றியது. 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம், இயற்கையான முடியமைப்பைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை வேறுபடுத்துதல் கூடாது என்று சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. நீட்டுவதும் நீட்டாமல் விடுவதும் அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும் என்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரம் செய்யும் வேலை

இக்களிம்புகளில் முதன்மையானது சோடியம் ஹைடிராக்சைடு, அதாவது எரிசோடா. அதன் அளவு பொதுவாக ஏறத்தாழ 2 விழுக்காடு இருக்கும். நாம் தரம் பார்த்தலில் பயன்படுத்தும் டெசிநார்மல் கரைசலில் இருப்பது 0.4 விழுக்காடுதான். அதாவது, கையில் பட்டால் உடனே கழுவு என்று ஆசிரியர் நம்மை எச்சரிக்கும் கரைசலைப்போல் ஐந்து மடங்கு செறிவுள்ள பொருள் தலையில் பூசப்படுகிறது. அதன் பி.எச். மதிப்பு 13-ஐ ஒட்டியது.

காரம் பட்டவுடன் முடி ஊதிப் பருக்கிறது, செதில்கள் விரிகின்றன. உள்ளே நுழைந்த காரம் இரட்டைக் கந்தகப் பிணைப்பைத் தாக்கி, இரண்டு கந்தக அணுக்களுள் ஒன்றை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சிய ஒற்றைக் கந்தகத்தோடு உருவாகும் புதிய பிணைப்புக்கு லாந்தியோனின் என்று பெயர். போன கந்தகம் திரும்பி வருவதில்லை. எனவே இந்த மாற்றம் மீளாதது. மேற்பரப்பின் கொழுப்புப் படலமும் அரிக்கப்படுகிறது. நீரை ஒட்டவிடாதிருந்த முடி இப்போது நீரை எளிதில் உறிஞ்சும். எளிதில் இழக்கவும் செய்யும். நீட்டிய முடி எப்போதும் வறண்டு தோன்றுவதன் காரணம் இதுவே.

எரிசோடா இல்லாதது என்று விளம்பரப்படுத்தப்படும் மற்றொரு வகையும் உண்டு. அதில் கால்சியம் ஹைடிராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் தனித்தனியே வரும். இரண்டையும் கலந்தால் குவானிடின் ஹைடிராக்சைடு உண்டாகும். பெயர் மாறினாலும் அதுவும் வன்காரமே. தோலுக்குச் சற்று எரிச்சல் குறைவு. ஆனால் உடன் விளையும் கால்சியம் கார்பனேட்டு, அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருள், முடியில் படிந்து அதனை மேலும் சொரசொரப்பாக்கும்.

வேலை முடிந்ததும் முதலில் நிறைய நீரால் அலச வேண்டும். பின்னரே மென் அமிலத் தன்மையுள்ள ஷாம்பூ. சில ஷாம்பூக்களில் நிறங்காட்டி சேர்த்திருப்பார்கள். நுரை இளஞ்சிவப்பாக இருக்கும்வரை காரம் எஞ்சியுள்ளது என்று பொருள். பினாஃப்தலீனோடு பழகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

இரு வேறு குடும்பங்கள்

நம் ஊர் அழகு நிலையங்களில் முடி நீட்டப் பயன்படுவது பெரும்பாலும் இந்தக் காரக் களிம்பு அன்று. அது அம்மோனியம் தயோகிளைகோலேட் என்னும் ஒடுக்கியை அடிப்படையாகக் கொண்டது. இது கந்தகத்தை வெளியேற்றுவதில்லை. கைகோத்து நிற்கும் இரு கந்தகங்களையும் பிரித்து வைக்கிறது. முடியை நேராக்கியபின் ஹைடிரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றியைப் பூசினால் அவை மீண்டும் புதிய இடங்களில் கூடுகின்றன. ஒன்று படியை மாற்றி அமைப்பது. மற்றொன்று படியைக் கழற்றி மாட்டுவது. நோக்கம் ஒன்றே ஆயினும் வேதியியல் முற்றிலும் வேறு.

இந்த வேறுபாட்டை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பெரியப்பாவின் மகள் எட்டாம் வகுப்போடு நின்று, நகரத்தில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. "பாப்பா, ரெண்டு டப்பா போட்டோ அனுப்பியிருக்கேன். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்" என்றாள்.

ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து நம் மாநிலத்துக்குப் படிக்க வந்த மாணவி ஒருத்தி கடைக்கு வந்திருக்கிறாள். சொந்த ஊரில் முடியை நீட்டிக்கொண்டு வந்தவள். மூன்று மாதத்தில் வேர்ப்பக்கம் புதுமுடி சுருண்டு வளர்ந்துவிட்டது. அதனையும் நீட்டிவிடச் சொல்கிறாள். ஊரில் பூசிய களிம்பின் படத்தையும் காட்டியிருக்கிறாள். அந்தப் படத்தில் இருந்தது சோடியம் ஹைடிராக்சைடு. கடையில் இருந்த டப்பாவில் அம்மோனியம் தயோகிளைகோலேட்.

"அக்கா, கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு, எங்கள் கரிம வேதியியல் பேராசிரியரைக் கேட்டேன். "ஒன்றின்மேல் மற்றொன்று கூடவே கூடாது, முடி அறுந்து கையோடு வரும்" என்றார் அவர். ஏற்கெனவே கந்தகம் இழந்து நலிந்த இழையில், எஞ்சியிருக்கும் பிணைப்புகளையும் ஒடுக்கி பிரித்துவிட்டால் ஏணியில் என்ன மிஞ்சும்? புதுமுடிக்கு மட்டும் பூசினாலும், பழைய முடியோடு கூடும் இடத்தில் களிம்பு படாமல் இராது. அக்காவிடம் சொன்னேன். அவளும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த அளவில் எடுத்துச் சொல்லி, அன்று முடியை அலசிக் கண்டிஷனர் இட்டு, பிளந்த நுனியை மட்டும் வெட்டி அனுப்பினாள். கடைக்குச் சில ஆயிரம் ரூபாய் வருமானம் போயிற்று. முதலாளியம்மா முகம் சுளித்தாராம். "அவ முடி அவகிட்டயே இருக்கு, அது போதும்" என்றாள் அக்கா.

அதன்பின் அந்தப் பெண் கேட்ட கேள்விகளை அக்கா என்னிடம் கேட்கலானாள். எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது? என்ன எண்ணெய் வைப்பது? அவற்றுக்கு விடை தேடிப் படித்ததன் பயனே பின்வரும் பகுதி.

இடைக்காலக் காப்பு

1. நாளைக் கணக்கிடல்: ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே குறைந்தது எட்டு வாரம் விட வேண்டும், பத்து, பன்னிரண்டு வாரம் விடுவது இன்னும் நன்று. அடுத்த முறையும் புதிதாக வளர்ந்த முடிக்கு மட்டுமே களிம்பு இட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வாரத்திற்கு ஒருமுறை தலை முழுவதும் பூசினால், மூன்று ஆண்டு வயதுள்ள நுனி ஏறத்தாழ 19 முறை காரத்தில் முழுகியிருக்கும். புதுமுடிக்கு மட்டும் பூசினால் ஒவ்வொரு பகுதியும் ஒரே ஒரு முறைதான் காரத்தைக் காணும்.

2. சந்திப்பைக் காத்தல்: வலிமையான புதுமுடியும் நலிந்த பழைய முடியும் சேரும் இடமே இழையில் மிக எளிதில் அறுபடும் இடம். வாரங்கள் செல்லச் செல்ல இந்தச் சந்திப்பு தலையை விட்டு விலகி வரும். அகன்ற பல் உள்ள சீப்பால், முதலில் நுனியில் சிக்கெடுத்து, படிப்படியாக மேலே செல்ல வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் முழு விசையும் சந்திப்பில் விழும். ஈர முடி உலர்ந்த முடியைவிட வலிமை குன்றியது. எனவே ஈரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இறுக்கிப் பின்னுதலும் உச்சிக் கொண்டையும் வேருக்கும் கேடு. நெடுநாள் இழுபட்ட வேர் முடி விடுவதையே நிறுத்திவிடக்கூடும்.

3. தலை முழுகல்: வாரத்திற்கு ஒருமுறை போதும். மென்மையான ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, நுரையை நீளத்தில் வழியவிட்டால் போதும். துணி துவைப்பதுபோல் கசக்குதல் கூடாது. வெந்நீர் வேண்டா, வெதுவெதுப்பு நன்று. குவானிடின் வகையைப் பயன்படுத்தியவர்களும் கடினநீர் உள்ள ஊர்க்காரர்களும், ஈ.டி.டி.ஏ. சேர்ந்த ஷாம்பூவை இடையிடையே பயன்படுத்தலாம். நீரின் கடினத்தன்மையை அளக்க நாம் ஆய்வகத்தில் எடுக்கும் அதே ஈ.டி.டி.ஏ. இங்கே முடியில் படிந்த கால்சியத்தைப் பிடித்து இழுத்துச் செல்கிறது.

4. கண்டிஷனர்: கொழுப்புப் படலம் நீங்கிய முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை மிகுதி. கண்டிஷனரில் உள்ள நான்கிணை அம்மோனியம் சேர்மங்கள் நேர்மின் தன்மை உடையவை. எங்கே சேதம் மிகுதியோ அங்கே அவை மிகுதியாக ஒட்டும். ஒவ்வொரு முழுக்குக்குப் பின்னும் இதனைத் தவறாது இட வேண்டும். சிதைத்த புரதம் சேர்ந்த பூச்சுகளும் உண்டு. அவை இழைக்குத் தற்காலிக ஊன்றுகோல். அடிக்கடி இட்டால் முடி விறைத்து ஒடியும்.

5. எண்ணெய்: நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்க்கு இங்கே அறிவியல் சான்று உண்டு. இந்திய ஆய்வாளர்கள் ரேலே, மொகிலே ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர். முழுகுவதற்கு முன்னும் பின்னும் இட்டபோது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேர்கோடு போன்றது. எனவே இழைக்குள் நுழைய வல்லது என்பது அவர்கள் விளக்கம். ஆனால் எண்ணெய் ஈரம் ஆகாது. முதலில் நீரோ கண்டிஷனரோ. அதன்மேல் அந்த ஈரத்தைப் பூட்டி வைக்கச் சிறிது எண்ணெய். இதுவே முறை.

6. சூடு: நீட்டிய முடியைச் சூட்டுக் கருவியால் மீண்டும் நீட்டுவது, புண்பட்ட இடத்தில் சூடு வைப்பது போலாகும். ஈர முடியில் சூட்டிரும்பு வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, இழையில் குமிழி உண்டாகி அங்கேயே ஒடியும். நிழலில் உலர்த்துதலே சிறந்தது.

7. இரவு: பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், செதில்களையும் உராயும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இரவில் பட்டு அல்லது சாட்டின் துணியால் முடியைச் சுற்றிக்கொண்டு உறங்குவது வெறும் வழக்கம் அன்று. உராய்வைக் குறைக்கும் அறிவான ஏற்பாடு.

8. அடுத்த முறைக்கு முன்: சில நாள் முன்பிருந்தே தலையைச் சொறிதலும் அழுத்திச் சீவுதலும் கூடாது. புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போட வேண்டும். நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் வாசலின் தடவுதல் தோலைக் காக்கும். களிம்பு கண்ணில் பட்டுவிட்டால் நிறைய நீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றுதல் பெருந்தீங்கு.

தயிர், முட்டை, எலுமிச்சை ஆகியவற்றால் போன பிணைப்பு மீளும் என்று சொல்வோர் உண்டு. அவை மேற்பரப்பை மென்மையாக்கலாம். கழன்றுபோன கந்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. இயற்கை முடிக்குத் திரும்ப விரும்புவோருக்கு ஒரே வழி, புதுமுடியை வளரவிட்டுப் பழையதைச் சிறிது சிறிதாக வெட்டிவிடுதல்தான்.

ஓர் எச்சரிக்கை

முடியை மட்டும் காத்தால் போதுமா? உடலையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. அவர்களுள் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டது. முடி நீட்டும் பொருளைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று கணக்கிட்டனர். இது தொடர்பைக் காட்டுகிறதே அன்றி, இதுவே காரணம் என்று நிறுவவில்லை. நூற்றுக்கு நான்கு என்பதும் பெரும்பாலோர்க்கு நோய் வராது என்பதையே காட்டுகிறது. ஆயினும், இடைவெளியை நீட்டுதல் முடிக்கு மட்டுமன்றி உடலுக்கும் நன்று என்பதற்கு இது போதிய காரணம்.

கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் வரும் சில பூச்சுகள் சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடை வெளிவிடுகின்றன. விலங்கியல் துறைக் கண்ணாடிச் சாடிகளில் தவளையும் பாம்பும் கெடாமல் இருக்கக் காரணமான பொருள் அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது. பூசிக்கொள்பவர் சில மாதத்திற்கு ஒருமுறை அதனைச் சுவாசிக்கிறார். கடையில் நிற்கும் பெண்ணோ நாள்தோறும் சுவாசிக்கிறாள். சன்னலைத் திறந்து வைப்பதும் கையுறை அணிவதும் அவளுக்கான காப்பு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், நீட்டிய கூந்தலைப் பேணுதல் என்பது இழந்ததை மீட்டல் அன்று, எஞ்சியதைக் காத்தலே என்பது விளங்கும். காரம் ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுகிறது. காக்கும் வேலையோ அடுத்த பல வாரங்களுக்கு நீள்கிறது.

களிம்புகளின் டப்பாக்களில் இருப்பது ஆங்கிலம், சிறு எழுத்து. அதனைப் பூசும் கைகளுள் பல, அதனைப் படிக்க வாய்ப்புப் பெறாத கைகள். வேதியியல் படிக்கும் நாம் அந்த இரண்டு சொற்களைப் படித்து, இதனைப் பூசலாம், இதனைப் பூசக்கூடாது என்று தமிழில் எடுத்துச் சொன்னால், ஒரு தலையும் இரு கைகளும் காக்கப்படும். நம் வீட்டருகே அழகு நிலையம் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு நாள் அங்கே சென்று, அங்குள்ள டப்பாக்களைப் படித்துக் காட்டுவோம். நாம் கற்ற கல்விக்கு அதனினும் எளிய பயன் வேறு என்ன இருக்க முடியும்?